கணுக்காலைத் தாண்டிப் போகும் வயலின்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு முன் உங்கள் பத்திரிகையில் கொழும்புப் பாடசாலை ஒன்றின் கலைவிழாப் படம் வந்திருந்தது. பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் மேடையில் வரிசையாகச் சம்மணம் கொட்டி இருந்து வயலின் வாசிக்கிறார்கள். பார்க்க வடிவான படம், வெட்டி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். ஆனால் மறுபடி மறுபடி பார்க்கும்போது என் கண் மூலையில் இருந்த சின்னப் பிள்ளையிடமே போய் நிற்கிறது. எட்டு வயது இருக்கும். நிலத்தில் இருந்து வாசிக்கும்போது கணுக்காலில் நிற்க வேண்டிய வயலினின் சுருண்ட தலை அதைத் தாண்டி ஜமுக்காளத்தில் கிடக்கிறது, இடது கை மடங்க இடமில்லாமல் நீட்டி விறைத்திருக்கிறது, வயலினுக்கு இடம் விடுவதற்காகப் பிள்ளை முதுகைப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மடியில் உள்ளதும் அதே அளவு வயலின்தான். அந்த வரிசை முழுக்க ஒரே அளவு.

அந்தப் பாடசாலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் வெள்ளவத்தையில் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டிலும், இடையில் சில வருடம் ஒரு பாடசாலையிலும் வயலின் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இதே பிழையை நானும் நெடுநாள் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைக்கு என்று சின்ன வயலின் இருக்கிறது என்பதே இங்கே பல பெற்றோருக்குத் தெரியாது. முழு அளவு, முக்கால், அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), அதற்கும் கீழே வீசம் (பதினாறில் ஒன்று) வரை செய்கிறார்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு அரை வயலின் என்றால் முழு வயலினில் பாதி என்று நினைத்துவிடக் கூடாது. முழு வயலினின் உடம்பு, கழுத்தை விட்டுவிட்டு அளந்தால், ஏறக்குறைய 35.5 சென்ரிமீற்றர். அரை வயலினில் அது 31 அளவில் இருக்கும், கால் வயலினில் 28 அளவில். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, கடைக்காரரும் எடுத்துச் சொல்ல மாட்டார், "வளர வளரப் பாவிக்கலாம்தானே" என்று முழு அளவை வாங்கிக் கொண்டு வந்துவிடுகிறோம். சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்கி முன்னுக்குப் பஞ்சு வைத்துக் கொடுக்கலாம். வயலினுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

ஏன் கிடையாது என்று இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

நாங்கள் எல்லோரும் முதல் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்குகிறோம். ஸரிகமபதநிஸ என்று சரளி வரிசை. பாட்டுக்கு அது நல்ல தொடக்கம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வயலினில் அந்த ராகத்தின் ரிஷபம் (ரி) எங்கே இருக்கிறது, காந்தாரம் (க) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸட்ஜம் (ஸ) விரல் வைக்காத வெறும் தந்தி. சுத்த ரிஷபம் அதற்கு ஒட்டியபடி, சுட்டுவிரலில். அந்தர காந்தாரம் அங்கிருந்து நல்ல தூரத்தில், நடுவிரலில். மத்திமம் மறுபடி காந்தாரத்துக்குப் பக்கத்தில், மோதிர விரலில். முழு வயலினில் தந்தி ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர், அதில் ரி இருக்கும் இடத்துக்கும் க இருக்கும் இடத்துக்கும் நடுவே நாலரை சென்ரிமீற்றர் வரும். உங்கள் வீட்டு எட்டு வயதுப் பிள்ளையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். விரல் நுனியால் தந்தியை அழுத்தியபடி, மணிக்கட்டு மடங்காமல், நாலரை வராது. என்னிடம் வருகிற அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூன்றரை வந்தால் பெரிய காரியம்.

சரி, மூன்றரை சென்ரிமீற்றர் விரித்து முழு வயலினில் வைத்தால் விரல் எங்கே விழும்? கிட்டத்தட்டச் சாதாரண காந்தாரம் என்ற, அந்தர காந்தாரத்துக்குக் கீழே உள்ள சுரத்தில். பிள்ளை மாயாமாளவகௌளை வாசிக்கிறேன் என்று நினைத்து வாசிக்கிறது, எங்கள் காதில் தோடி என்ற வேறு ராகத்தின் ஸரிகம விழுகிறது. பஞ்சமத் தந்திக்குப் போனாலும் இதே கதைதான், ப வெறும் தந்தி, த ஒட்டியபடி, நி தூரத்தில். அதே பிள்ளையிடம் கால் வயலினைக் கொடுத்துப் பாருங்கள். அதில் ரி–க இடைவெளியே மூன்றரைக்குச் சற்று மேல்தான். அதே கை, அதே விரிப்பு, ஆனால் இப்போது விரல் அந்தர காந்தாரத்தில் போய் இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெடியன் தாயோடு பஸ்ஸில் வருவான், ஒன்பது வயது, வயதுக்குச் சின்ன உடம்பு. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய வயலின், நல்ல வயலின், முழு அளவு. பெட்டியைத் தாய்தான் தூக்கி வருவார். ஒரு வருடம் முழுக்க அவனுக்குக் காந்தாரம் சேரவே இல்லை. "மேலே வை, மேலே வை" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவன் கையை முழுதாகத் தூக்கி மேலே வைப்பான், உடனே ரிஷபம் கெட்டுப் போகும். பாடச் சொன்னால் சரியாகப் பாடுவான், அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வருட முடிவில் தாயைக் கூப்பிட்டு, பிள்ளைக்குச் சுருதி ஞானம் குறைவு, மிருதங்கத்தில் விட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். அவன் அந்த வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான், நான் சொன்னது அவனுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு வரவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் தங்கள் பிள்ளையின் பழைய கால் வயலினை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. அது மூலையில் கிடந்தது. காந்தாரம் சேராத இன்னொரு சின்னப் பிள்ளை ஒருநாள் விளையாட்டாக அதை எடுத்து மடியில் வைத்து ஸரிகம என்று இழுத்தாள். க சுத்தமாக வந்தது. நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன், மறுபடியும் வந்தது. அன்று பின்னேரம் அளவுகோலை எடுத்து இரண்டு வயலினிலும் அளந்தேன், மேலே எழுதிய கணக்கு அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பெடியனின் தாயைத் தேடிப் பார்த்தேன், பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை.

தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கு எங்களுக்குப் புதியதும் இல்லை. காரைதீவில் பிறந்து, கொழும்பிலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சுவாமி விபுலானந்தர் பழந்தமிழ் யாழைப் பற்றி எழுதி 1947 இல் வெளியான யாழ் நூலில் எவ்வளவு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவர் பெயரில் விழா எடுக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், வகுப்பில் ஒரு அளவுகோலை எடுத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

விரல் மட்டும் அல்ல. முழு அளவு வில் ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் நீளம். சின்னப் பிள்ளை அதை நுனி வரை இழுக்கப் போனால் வலது கை பின்னால் ஓடிவிடும், வில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு நேராகப் போகாமல் விரல் பலகைப் பக்கம் சரிந்து கரகர என்று கத்தும். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகம் பிடிக்கும் வயது வரும்போது இன்னொரு சிக்கல். எங்கள் முறையில் வயலினின் தலையைக் கணுக்காலில் நிறுத்துவதே இடது கை பாரம் தாங்காமல் தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓடத்தான். தலை கணுக்காலில் நிற்கவில்லை என்றால் அந்தப் பாரத்தையும் இடது கைதான் தூக்க வேண்டும், பிறகு எங்கே கமகம். பெருவிரல் கழுத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி ஒருமுறை பழகினால் அதை விடுவிக்க எனக்கு இரண்டு வருடம் பிடிக்கிறது, சில பிள்ளைகளுக்குக் கடைசி வரை போவதில்லை. அதோடு கழுத்து நோ, தோள் நோ. ஆறாம் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் வயலினை விட்டுவிடுகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். டியூஷன் கூடிவிட்டது ஒரு காரணம்தான். ஆனால் நோகிற ஒன்றை, எவ்வளவு பழகினாலும் சுருதி சேராத ஒன்றை, ஒரு பிள்ளை எத்தனை நாளைக்குச் சந்தோஷமாகச் செய்யும்?

ஜப்பானில் சுசுகி என்ற வயலின் ஆசிரியர் (1898–1998) மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார், உலகம் முழுக்க அவர் முறை பரவியது. அவர் முறையைப் பற்றிக் கதைக்கும்போது பிள்ளை தாய்மொழியைக் கேட்டுப் பழகுவதுபோல் இசையையும் கேட்டே பழக வேண்டும், தாயோ தகப்பனோ வகுப்பில் கூட இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்வோம். அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தது பொம்மை அளவு வயலின் என்பதை விட்டுவிடுவோம். கேட்டுப் பழகும் முறை எங்களுக்கும் உரியதுதான், குரு பாடுவார், சிஷ்யன் திருப்பிப் பாடுவான். அளவு மட்டும்தான் எங்களிடம் இல்லை. வயலின் எங்கள் இசைக்குள் வந்து இருநூறு வருடம் ஆகிறது, அதை எங்கள் இசையில் முதலில் வாசித்தவர்களில் ஒருவரான பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் வந்த வாத்தியத்தை எங்கள் உட்காருகைக்கும் எங்கள் சுருதிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டோம். சின்ன அளவுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளவில்லை.

இனிப் பெற்றோர் என்னிடம் கேட்பவை. சின்ன வயலின் சத்தம் சின்னது, மேடையில் கேட்காதே என்பார்கள். மேடையில் ஒலிவாங்கி இருக்கிறது, அதோடு எட்டு வயதுப் பிள்ளைக்கு மேடை வருடத்தில் ஒரு நாள், வீட்டுப் பயிற்சி மற்ற நாள் எல்லாம். அளவு மாறினால் விரல் குழம்பிப் போகாதா என்பார்கள். குழம்பும், ஒரு கிழமை, இரண்டு கிழமை. காது ஏற்கெனவே சரியான காந்தாரத்தைக் கேட்டுப் பழகியிருப்பதால் விரல் தானாகத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். வீணை என்றால் சுரத்தின் இடத்தைக் காட்டும் 24 மெட்டு இருக்கிறது, இடம் தெரியாவிட்டாலும் மெட்டு காப்பாற்றும். வயலினில் காதைத் தவிர வேறு துணை இல்லை, அந்தக் காதைத்தான் முதல் இரண்டு வருடத்தில் கெடுத்துவிடுகிறோம். பரீட்சைக்குச் சின்ன வயலினோடு போகலாமா என்று ஒரு தகப்பன் கேட்டார். சுருதி சேர்ந்த சின்ன வயலினோடு போன என் பிள்ளைகள் யாரும் அதற்காகப் புள்ளி இழந்ததில்லை.

கடைசிக் கேள்விதான் நியாயமான கேள்வி. மிஸ், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் புது வயலின் வாங்க எங்களால் முடியுமா?

முடியாது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐயும் தாண்டிப் போன பிறகு, இங்கே வருகிற வயலின், தந்தி, வில் எல்லாம் இறக்குமதிதானே, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போன தாய்மாரை எனக்குத் தெரியும். கால் அளவு வாங்கினால் இரண்டு வருடம், பிறகு அரை, பிறகு முக்கால், பிறகு முழு. நாலு வயலின். ஒரு குடும்பத்தை அப்படி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவேதான் சொல்கிறேன், சின்ன அளவு வயலின்களைப் பாடசாலை வாங்கி வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இரவல் கொடுக்க வேண்டும், நூலகப் புத்தகம்போல. பத்து வயலின் போதும் என்பது என் கணக்கு. கால் அளவில் நாலு, அரையில் நாலு, முக்காலில் இரண்டு. ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, திருப்பிக் கிடைக்கிற முற்பணம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, தந்தி அறுந்தால் பிள்ளை வீட்டார் போட்டுக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு வயலின் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், ஐந்தாறு பிள்ளைகளின் கையில் போகும். இந்த ஊரில் பழைய மாணவர் சங்கங்கள் பாண்ட் வாத்தியத்துக்குக் காசு சேர்க்கின்றன, இல்ல விளையாட்டுப் போட்டி அன்று ட்ரம்பட் பளபளக்கிறது, சந்தோஷம். கர்நாடக சங்கீத வகுப்புக்கு வாணி விழாவில் ஒரு சரஸ்வதி படமும் ஒரு சுருதிப் பெட்டியும் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒரு பெற்றோர் எழும்பி இதைக் கேட்டால் அதிபர்மார் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாங்கும்போது நாலு தந்திக்கும் வால் பக்கத்தில் சின்னத் திருகு உள்ள வயலினாகப் பார்த்து வாங்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். பாடசாலையில் ஒரு பாடவேளையை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பிள்ளைகள், ஆளுக்கு நாலு தந்தி, மொத்தம் 80 தந்தி. ஒரு தந்திக்கு அரை நிமிடம் என்றாலும் சுருதி சேர்த்து முடிக்க 40 நிமிடம், மணி அடித்துவிடும். மாரி காலத்தில் தந்தியை முறுக்கும் பிருடை ஊதி இறுகிக் கிடக்கும், குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டு போனால் தளர்ந்து சறுக்கும், இது கொழும்பு, அதுவும் மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கவும் செய்யும். திருகு இருந்தால் மேல் வகுப்புப் பிள்ளைகளே சேர்த்துக் கொடுப்பார்கள், ஆசிரியர் பாடத்தைத் தொடங்கலாம். அப்புறம் இன்னொன்று, வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, வில்லில் பூசித் தந்தியில் படிந்த ரொசின் தூளை ஒரு பழைய பருத்தித் துணியால் துடைத்து வைக்கப் பழக்குங்கள். இரவல் வயலின் நீடிப்பது இதில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள், இந்தப் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறீர்கள் என்று தெரியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உங்கள் பிள்ளைகள் சின்ன வயலினில் படித்துவிட்டுப் பெரிதுக்கு மாறியிருப்பார்கள், பழையது அலுமாரிக்கு மேலே கிடக்கும். ஊருக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். மருமகளுக்கு ஆசையாக அனுப்புகிறேன் என்று புது முழு அளவு வாங்கி அனுப்புவதற்கு முன், தாயிடம் கேட்டுப் பிள்ளையின் கையை அளந்து எடுங்கள். தையல் நாடாவால், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்து ஓரத்திலிருந்து உள்ளங்கை நடு வரை. ஏறக்குறைய 47 சென்ரிமீற்றர் என்றால் கால், 51 என்றால் அரை, 56 என்றால் முக்கால், 58, 59 வந்த பிறகுதான் முழு. செய்கிறவரைப் பொறுத்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் முன்பின் ஆகலாம், இரண்டுக்கும் நடுவில் வந்தால் சின்னதை எடுங்கள். கையில் கிடைத்ததும் பிள்ளையை நிலத்தில் இருத்தி, தலையைக் கணுக்காலில் வைத்து, சுட்டுவிரலை ரி-யில் ஊன்றியபடி நடுவிரல் க-வில் விழுகிறதா என்று பாருங்கள். என் வகுப்பில் இப்போது யாரையும் சேர்க்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

என் வீட்டில் இப்போது கால் வயலின் இரண்டு இருக்கிறது, அரை ஒன்று. முன்பு சொன்ன அந்தப் பழைய கால் வயலினும் இதில் ஒன்று, ஏழாவது பிள்ளை போன மாதம் அரைக்கு மாறியதால் திரும்பி வந்திருக்கிறது. வில்லின் நார் மட்டும் மாற்ற வேண்டும், அதை நான் செய்து தருகிறேன். கொழும்பில் எந்தப் பாடசாலையாவது இந்தத் தவணையிலேயே தொடங்க விரும்பினால் மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அந்தப் படத்தில் மூலையில் இருந்த பிள்ளையின் பாடசாலை முதலில் வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஒரு வயலின் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.